நாங்கள் வரமுன்னமே நோர்வேக்கு வந்த எங்கட கல்

சரித்திரம் என்றால் அரசர்களும் சண்டைகளும்தான் என்று கனபேர் நினைக்கினம். இந்த மலரில் ஒரு கல்லின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

அக்குவாமரின் என்பது கடல்நீரின் நிறமுள்ள கல். மரகதமும் இதுவும் பெரில் என்ற ஒரே குடும்பம். தமிழ்நாட்டில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் படியூர் என்ற ஊரில் இது கிடைத்தது. 1820 அளவில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அங்கே கிடங்கு வெட்டிக் கல் எடுத்தார். ஆனால் அவருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே எங்கட ஆக்களுக்கு அந்தக் கல் தெரியும்.

நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1985இல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழத் தொடங்கியது. பெரில், நீலம், பளிங்கு என்று மணிகள் கிடைத்தன. அரைகுறையாய்த் தீட்டின மணிகளும், உடைந்த துண்டுகளும் கிடைத்தபடியால், அது வெறும் சந்தை அல்ல, பட்டறை என்று தெரிந்தது.

வாங்கினது ஆர்? உரோமர். கி.பி. 79இல் இறந்த பிளினி என்ற உரோம அறிஞர், பெரில் இந்தியாவில்தான் கிடைக்கும், வேறு இடங்களில் அருமை என்று எழுதினார். தெளிந்த கடலின் பச்சை நிறம் உள்ளதே உயர்ந்தது என்றார். பளிங்குக்குச் சாயமேற்றிக் கள்ளக் கல் செய்கிறார்கள் என்றும் எச்சரித்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளலூரில் உரோம நாணயங்கள் புதையலாகக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

தீட்டாத கல் வாங்குவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே தொழில்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே வெடிப்பு இருக்கோ என்று பார்க்க வேண்டும். வெடிப்புள்ள கல் தீட்டும்போது பிளந்துபோகும். மேல் கரடுமுரடாய் இருந்தால் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பார்கள், உள்ளே தெரியும். வெளிறின கல் சின்னதாய்த் தீட்டினால் நிறமே தெரியாது. ஒரு கிராம் ஐந்து கரட். தீட்டி முடிய மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிய காரியம். ஆகவே கல்லின் நிறைக்கு அல்ல, தேறப்போகும் நிறைக்குத்தான் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரை இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும்போது, கற்களின் குற்றங்களையும் இளங்கோவடிகள் சொல்லுகிறார். அக்காலத்து வியாபாரிகள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை.

இனி நோர்வேக்கு வருவம். பாளியில் வேளுரிய, பிராகிருதத்தில் வெருலிய என்ற சொல், கிரேக்கத்தில் பெரிலோஸ் ஆனது. அதன் வேர் 'வெள்' என்ற திராவிடச் சொல் என்று சில அறிஞரும், வேலூர் என்ற ஊர்ப்பெயர் என்று வேறு சிலரும் சொல்லுகினம். எங்கட வைடூரியமும் அதே சொல்தான். இன்றைக்கு அந்தப் பெயரால் வேறொரு கல்லைச் சொல்லுகிறோம். நடுக்கால ஐரோப்பாவில் தெளிந்த பெரிலைத் தேய்த்து எழுத்துப் பார்க்கும் வில்லை செய்தார்கள். அதனால் யேர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்குப் பெயர் பிரில்லெ. நோர்வேயில் பிரில்லர்.

வெறுங்கையோடு வந்த சனம் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்ளுகிறோம். புருசெத்தில் வளரும் பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் வளருகினம். எங்கட தேசத்துக் கல்லின் பெயர் இஞ்ச ஒவ்வொரு கிழவரின் மூக்கிலும் இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்தில் அவர்களே நோர்வே ஆசிரியருக்குச் சொல்லட்டும்.