மல்லாட்டை எண்ணெயில் ஓடிய இன்ஜின்

எங்கள் திண்டிவனம் பக்கத்தில் நிலக்கடலை என்று யாரும் சொல்வதில்லை, மல்லாட்டை. மணிலாக்கொட்டை வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. நான் முப்பத்தைந்து வருஷம் ஆயில் இன்ஜினும் டீசல் பம்பும் பிரித்துப் பூட்டியவன். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்று முதன்முதலாகப் படித்த அன்றைக்கு, என் அப்பா விதைத்ததும் நான் பழுது பார்த்ததும் ஒரே வரியில் வந்து நின்றதில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

ருடால்ஃப் டீசல் கடலை எண்ணெய்க்காகவே இன்ஜினைக் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது சரியில்லை. 1912-இல் லண்டனில் பொறியாளர்கள் கூடிய சபையில் அவரே நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பாரிஸில் அந்தச் சிறிய இன்ஜினை ஓட்டிக் காட்டியது ஓட்டோ கம்பெனி. கேட்டது பிரெஞ்சு அரசாங்கம். இன்ஜினில் எதையும் மாற்றவில்லை. உள்ளே போவது கடலை எண்ணெய் என்று பார்த்தவர்களில் வெகு சிலருக்குத்தான் தெரிந்தது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை விளைகிறது, நிலக்கரியும் திரவ எரிபொருளும் கப்பலில் கொண்டுபோகாமல் அங்கேயே இயந்திரம் ஓட்டலாமே என்பது அரசாங்கத்தின் கணக்கு.

கண் ஆப்பிரிக்காவின் மேல்தான். ஆனால் பிரான்சுக்குக் கடலையைப் பழக்கிய சீமைகளில் எங்கள் தென்னார்க்காடும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே விளைந்த மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி மார்சேய் போய்ச் சேர்ந்தது. அங்கே ஆலைகளில் ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள், அதில் சோப்பும் காய்ச்சினார்கள். 1890-களில் இங்கே விளைச்சல் ஒரேயடியாக விழுந்தது. வெளிநாட்டு விதை வந்த பிறகுதான் சாகுபடி நிமிர்ந்தது. 1905-இல் பாலூரில் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கியதும் இந்தப் பயிரை மனதில் வைத்துத்தான்.

பிறகு ஏன் எண்ணெய் இன்ஜினை விட்டுப் போனது? பெட்ரோலியம் மலிந்தது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை நான் கையிலேயே எடுத்துப் பார்த்திருக்கிறேன். 2008 வாக்கில், டீசலுக்கு அலைந்த ஒரு விவசாயி தன் ஐந்து குதிரைசக்தி இன்ஜினில் கடை எண்ணெயை அப்படியே ஊற்றி ஒரு பருவம் இறைத்துவிட்டு, புகை தாங்காமல் என்னிடம் கொண்டுவந்தார். நாசிலைக் கழற்றினேன். நுனியில் கருப்பாக, கல் மாதிரி, சின்னப் பூ விரிந்தாற்போல ஒரு பொருக்கு. பித்தளைப் பிரஷுக்கு அசையவில்லை. பிஸ்டனில் ரிங் மூன்றும் காடியோடு ஒட்டிக்கிடந்தன. கீழே இன்ஜின் ஆயில் பனங்கூழ் பதத்தில் இருந்தது. சமையல் எண்ணெய் டீசலைப் போலப் பத்து மடங்குக்குக் கிட்டத்தட்ட கெட்டியானது. நாசில் அதைப் புகைபோல் தூவ முடியாமல் சொட்டாக விடுகிறது. சொட்டு முழுக்க எரியாமல் கரியாகிறது. இன்ஜின் ஓடத்தான் செய்யும். அந்த ஓட்டம்தான் ஆளை ஏமாற்றுகிறது.

இந்தக் கெட்டித்தனத்துக்கு மருந்து 1937-இலேயே கிடைத்தது. புரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் என்பவர் பாமாயிலைச் சாராயத்தோடு வினைபுரிய வைத்து மெல்லிய எரிபொருளாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த வருஷமே புரஸ்ஸல்ஸுக்கும் லூவேனுக்கும் இடையில் ஒரு பஸ் அதில் ஓடியது. எண்ணெய் என்பது மூன்று பிள்ளைகளை இடுப்பிலும் தோளிலும் சுமந்து நிற்கும் தாய் மாதிரி. அந்தத் தாய் கிளிசரின். சாராயம் வந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொள்கிறது. பாரம் இறங்கிய கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பது பயோடீசல்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் வேதியியல் நடத்திய ஒரு வாத்தியார் மெத்தனால் வைத்து இதை எனக்குச் செய்து காட்டினார். பஜ்ஜிக் கடை எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டி, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி ஈரத்தை விரட்டினோம். ஈரம் இருந்தால் எரிபொருள் வராது, சோப்புதான் வரும். காரம் கரைத்த மெத்தனாலை அதில் கலந்து வைத்தோம். மறுநாள் காலை பாத்திரத்தில் இரண்டு அடுக்கு: கீழே கருப்பட்டிப் பாகு நிறம், மேலே தேன் நிறம். தேனைத் தனியாக இறக்கித் தண்ணீரில் மூன்று முறை கழுவினோம். கழுவுகிற இடத்தில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. கழுவாத சோப்பும் காரமும் டேங்குக்குப் போனால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், பம்பு தேயும். நல்ல பயோடீசலேகூட பழைய ரப்பர் குழாயை ஊற வைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

அன்று கொஞ்சம் மெத்தனால் தரையில் சிந்தித் தீப்பிடித்தது. நல்ல வெயில். தீயே கண்ணுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் கிடந்த சாக்கு கருகிச் சுருங்கியதைப் பார்த்துத்தான் ஓடினோம். அந்தத் திரவத்தை நினைத்தால் இன்றும் பயம் விடவில்லை. 2023-இல் மரக்காணம் பக்கத்திலும், மறுவருஷம் கள்ளக்குறிச்சியிலும் கள்ளச்சாராயமாக வந்து இத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியதும் இதே மெத்தனால்தான். வீட்டுக் கொல்லையில் பயோடீசல் செய்யலாமா என்று கேட்டு வருகிற பையன்களிடம் இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை.

எண்ணெயை அப்படியே ஊற்றும் ஆசை நம் ஊரோடு நிற்கவில்லை. 2002-இல் வேல்ஸில் லனெல்லி நகரத்தில் பலர் கடையில் சமையல் எண்ணெய் வாங்கிக் காரில் ஊற்றி ஓட்டினார்கள். எரிபொருள் வரி கட்டாததுதான் குற்றம். வறுவல் வாசனையை வைத்தே போலீஸ் பிடித்தது. 2007-இல் வருஷத்துக்கு 2,500 லிட்டர் வரை வரி வேண்டாம் என்று பிரிட்டன் விட்டுக்கொடுத்தது.

நம் பக்கத்தில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 2003-க்குப் பிறகு காட்டாமணக்கு அலை வந்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்றார்கள். என் மச்சானிடம் ஒரு கம்பெனி ஆள் வந்து, காயை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று கையெழுத்து வாங்கிப் போனார். இரண்டு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையில் நட்டார். மூன்றாம் வருஷம் காய்த்தது கொஞ்சம்தான். தண்ணீர் வேண்டாத செடி தண்ணீர் இல்லாமல் காய்க்கவில்லை. இருந்த காயையும் எடுக்க யாரும் வரவில்லை. 2009-இல் மத்திய அரசு, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்று கொள்கை வெளியிட்ட நேரத்தில் மச்சான் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார். 2018-இல் வந்த புதுக் கொள்கை 2030-க்குள் 5 சதவீதம் என்றது.

இப்போதைய பேச்சு, பொரித்து முடித்த எண்ணெயைப் பற்றி. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. இதற்காக ஒருவன் நிலத்தைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அந்த எண்ணெயைப் பயோடீசலுக்குத் திருப்பும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே வருஷம் தொடங்கியது. டேங்குக்குப் போகிற ஒவ்வொரு லிட்டரும் அடுத்த வடைச்சட்டிக்குப் போகாத லிட்டர்.

பஸ் நிலையம் எதிரில் பஜ்ஜி போடுகிற அக்காவிடம் இதைச் சொன்னேன். "எடுக்க வர்றவங்க என்னண்ணே குடுப்பாங்க? இப்ப வாங்கிட்டுப் போறவன் உடனே காசு குடுத்துடறான்" என்றார். வாங்கிப் போகிறவன் அதை எங்கே விற்கிறான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினைந்து கிலோ டின் ஒன்றைக் கழுவிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பாதி நிறைந்ததும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.