கடல் இரும்பூட்டம்

இரும்புச்சத்து குறைந்த கடற்பரப்பில் இரும்பு உப்பைக் கரைத்து, தாவர மிதவையுயிரிகளைப் பெருக்கி, அவற்றின் வழியே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குறைக்க முயலும் முறை. பெருகிய உயிரிகள் மடிந்து ஆழ்கடலில் இறங்கினால், அவை உட்கொண்ட கார்பனும் நெடுங்காலம் அங்கே தங்கும். 1980களின் இறுதியில் இக்கருத்தைப் பரவச் செய்தவர் அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின். முதல் கடற்சோதனை, அவர் மறைந்த 1993ஆம் ஆண்டிலேயே காலாபகோஸ் தீவுகளுக்கு அருகே நடைபெற்றது.

இரும்பூட்டத்தால் பெருகும் தாவர மிதவையுயிரிகளை மேய்பவை விலங்கு மிதவையுயிரிகள். அவற்றை இந்தியா விரிவாக ஆராய்ந்த இடங்களுள் ஒன்று கொச்சி. பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது (1962–65) பல நாட்டுக் கப்பல்கள் ஒரே வகை வலையால் அள்ளிய விலங்கு மிதவையுயிரிகள், யுனெஸ்கோ துணையுடன் அங்கே அமைந்த இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு வந்தன. அரிசிமணியினும் சிறிய துடுப்புக்காலிகள் முதலானவற்றை நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரித்த பொறுமையான பணி அது. 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் உருவானபின் இம்மையம் அதன் கொச்சிக் கிளையானது. அந்தச் சேகரிப்பு இன்றும் அங்கு பேணப்படுகிறது.

இந்தியா பங்கேற்ற இரும்பூட்டச் சோதனை 2009ஆம் ஆண்டின் லோஹாஃபெக்ஸ். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் இணைந்து நடத்திய இதற்கு வாஜிஹ் நக்வி, விக்டர் ஸ்மெட்டாசெக் இருவரும் தலைமை தாங்கினர். போலார்ஸ்டெர்ன் கப்பல் ஜனவரி 7 அன்று கேப்டவுனிலிருந்து புறப்பட்டது. பல்லுயிர் உடன்படிக்கை நாடுகள் கடல் இரும்பூட்டத்துக்கு எதிராக 2008இல் எடுத்த முடிவுக்கு இது முரண் என்று சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன. சிறிய அளவிலான அறிவியல் ஆய்வுக்கு அம்முடிவு பொருந்தாது என்றனர் ஆய்வாளர்கள். ஜெர்மன் அரசு சோதனையை நிறுத்திவைத்து, மதிப்பீடுகளைப் பெற்றபின் அம்மாத இறுதியில் அனுமதித்தது.

தெற்கு அட்லாண்டிக்கில் சுமார் 300 சதுர கி.மீ. பரப்பில், நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட் கரைக்கப்பட்டது. கலந்த இரும்பு 6 டன் என்கிறது அக்காலச் செய்திக்குறிப்பு. பின்னர் வந்த ஆய்வுக் கட்டுரையோ 2 டன் வீதம் இருமுறை என்கிறது. 39 நாள் கண்காணிப்பில் தாவர மிதவையுயிரிகளின் உற்பத்தி இரட்டித்தது. ஆனால் அந்நீரில் சிலிக்கா குறைவு. கண்ணாடி போன்ற ஓடு கட்டி எளிதில் மூழ்கும் டையாட்டங்கள் அங்கே பெருக முடியவில்லை. வளர்ந்த மென்மையான உயிரிகளைத் துடுப்புக்காலிகள் மேய்ந்தன. அவற்றைத் தின்ன இறால் போன்ற தெமிஸ்டோ திரண்டது. ஆழத்துக்கு இறங்கிய கார்பன் குறிப்பிடும்படி கூடவில்லை. கடலை மேய்பவை யாவை என்று அறியாமல் அதில் சேரும் கார்பனைக் கணக்கிட முடியாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய சோதனை அரிது.

இதைத் தோல்வி என்று கொள்வதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்மெட்டாசெக் பங்கேற்ற 2004ஆம் ஆண்டுச் சோதனையில் டையாட்டங்கள் பெருகி, அக்கார்பனில் பாதியேனும் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கியதாக 2012இல் வெளியான ஆய்வு கூறியது.

2012இல் கனடாவின் மேற்குக் கடலுக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்புச் சேர்மம் கொட்டப்பட்டது கண்டனத்துக்குள்ளானது. 2021இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை இம்முறையை மேலும் ஆராயத் தக்கவற்றுள் சேர்த்தது. உலகில் இன்று ஆண்டுதோறும் அகற்றப்படும் சுமார் 200 கோடி டன் கரியமில வாயுவில் பெரும்பகுதி காடு வளர்ப்பால் அகற்றப்படுவது. கடல் இரும்பூட்டம் இன்னும் ஆய்வு நிலையைத் தாண்டவில்லை.