குடவோலையும் குடியிருப்போர் சங்கமும்

போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் இனி மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாதாம். சொந்தக்காரர்களுக்கு அந்தத் தடை கிடையாது.

கூடுவாஞ்சேரி பக்கம் நாங்கள் வாடகைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுவது அப்பாதான். சங்கக் கூட்டத்துக்குப் போய் இதைக் கேட்டதற்கு, "ஓனரை வரச் சொல்லுங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள். ஓனர் இருப்பதோ துபாயில்!

பி.காம் மாணவனுக்கு எதைப் பார்த்தாலும் கணக்குதான் ஞாபகம் வரும். பணம் கட்டுகிறவன் ஒருத்தன், ஓட்டு போடுகிறவன் இன்னொருத்தன். இது எப்போது ஆரம்பித்தது என்று தேடிப் பார்த்தேன். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசான ஒரு பதில் இருக்கிறது நண்பர்களே. உத்திரமேரூர்!

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று அமைத்தார்கள். பதவி 360 நாள்தான். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. (இந்த விதியை எங்கள் சங்கத்துக்கும் கொண்டுவரலாம் :-))

பள்ளிக்கூடத்தில் இதுவரைக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தகுதிப் பட்டியலில் இன்னும் இரண்டு வரி உண்டு. வரி கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் என்பதால் மற்றவர்கள் ஆட்டத்திலேயே இல்லை. ஏரித் தண்ணீரை நம்பி அடுத்தவர் நிலத்தில் உழுதவருக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை. ஆக, நம் ஊர்க் குடவோலையில் வாடகைக்காரர் பெயருக்கு ஓலையே கிடையாது.

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சென்னையில் வீட்டுத் தட்டுப்பாடு. 1941ல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிறகு 1946லும் 1949லும் சட்டங்கள், கடைசியில் 1960 சட்டம். நியாய வாடகை, காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது, ஏற்கனவே இருக்கும் வசதியைப் பிடுங்கக் கூடாது என்றெல்லாம் அது பாதுகாப்புக் கொடுத்தது. அடுக்குமாடிகள் பெருகியதும் 1994ல் அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம் வந்தது. அதில் பொது இடங்களில் பங்கு, சங்கம், துணைவிதி எல்லாமே உரிமையாளரை வைத்துத்தான். அதை மாற்றி வந்த 2022 சட்டம் 2024ல் நடைமுறைக்கு வந்தது. கட்டிடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்கிறது. உள்ளே குடியிருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

இன்னொரு பக்கம், 1960 சட்டத்துக்குப் பதிலாக 2017ல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் தானாகவோ வேறு ஆள் மூலமாகவோ தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது.

கவனித்தீர்களா? ஒரு சட்டம் ஓனருக்கும் சங்கத்துக்கும் நடுவில். இன்னொன்று ஓனருக்கும் வாடகைதாரருக்கும் நடுவில். சங்கமும் வாடகைதாரரும் தினமும் லிப்டில் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள் நேரடி ஒப்பந்தம் எதுவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் எங்கள் வீட்டுத் துணி தொங்குகிறது.

கட்டிடத்தை இடிப்பதை உரிமையாளர் முடிவு செய்யட்டும், அது அவர் முதலீடு. குப்பை, தண்ணீர், மாடி, பார்க்கிங் மாதிரி தினசரி விஷயங்களில் குடியிருப்பவருக்கும் ஒரு குரல் வேண்டும் என்பது என் கருத்து. இப்போது மாமல்லபுரம் வரை கடற்கரைச் சாலையோரம் அடுக்குமாடிகள் முளைக்கின்றன. அத்தனை கட்டிடத்திலும் இந்தக் கேள்வி வரத்தான் போகிறது.

துபாய் ஓனர் எங்களுக்காக ஒரு கடிதம் அனுப்பினார். சங்கத்தில் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அந்தக் கூட்டத்துக்கும் அப்பாவுக்கு அழைப்பு இல்லை.

உங்கள் அபார்ட்மென்டில் எப்படி?