களக்காட்டின் விலை

சென்ற இதழில் கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின், தளபதி கர்னல் ஹெரானை நத்தம் கணவாயில் விட்டுவிட்டு வந்தோம். கோவில்குடியில் அவருடைய படை வாரிச் சுருட்டிய சாமி சிலைகளுக்காகக் கள்ளர்கள் கணவாயில் காத்திருந்து, சிலைகளையும் சேர்த்து மூட்டை முடிச்சுகளையும் பறித்துக்கொண்ட 1755 மே மாதம் அது. ஊர் திரும்பியவரை விசாரணைக்கு நிறுத்திய கும்பினி, வேலையை விட்டே விலக்கியது.

அவர் போன பிறகும் நெல்லைச் சீமையில் இரண்டு விஷயங்கள் தங்கிவிட்டன. ஒன்று, ஆற்காட்டு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கான். மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, கும்பினி விட்டுச்சென்ற 1,000 சிப்பாய்களோடு வசூலுக்கு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று ஒரு செய்தி: நெற்கட்டும்செவல் கோட்டை விழவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து மலையைப் பார்த்து மேற்கே போனால் நெற்கட்டும்செவல். பெரிய ஊர் ஒன்றுமில்லை. அந்தக் கோட்டைக்கு முன் நின்று ஹெரான் 20,000 ரூபாய் கேட்டு மிரட்டினார். அவரிடம் மதிலைத் தகர்க்கும் கனமான பீரங்கி கிடையாது என்பது உள்ளே இருந்த பாளையக்காரர் பூலித்தேவருக்குத் தெரியும். பணம் வரவில்லை. படை கிளம்பிப் போய்விட்டது. இந்தச் செய்தி பாளையம் பாளையமாகப் பரவிய வேகத்தில்தான் மேற்குப் பாளையங்களின் கூட்டணி பிறந்தது. தென்னாட்டில் சின்னச் சின்ன அதிகாரங்கள் ஒன்றையொன்று காத்துக்கொள்ள ஒப்புக்கொண்டு எழுந்த முதல் பெரிய முயற்சி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்கு முன் ஒரு கேள்வி. பக்கத்துப் பாளையத்தோடு எல்லைக்கும் குளத்துக்கும் அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

மதுரை நாயக்கர்கள் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தபோது பாளையக்காரருக்குக் கொடுத்த வேலைகளில் வரியும் படையும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவது வேலை காவல். ஊருக்குள் தலக்காவல், பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பார்ப்பது தேசகாவல். இதற்காக ஊர்கள் காவல் பணம் கொடுத்தன. களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். களவாடிய மாட்டின் தடம் அடுத்தவர் எல்லைக்குள் போய்விட்டால்? அங்கேதான் பகை மூளும். எந்த ஊர் யாருடைய காவலில் இருக்கிறது என்பதிலும் ஓயாத சண்டை. இந்த வழக்குகளுக்கெல்லாம் மேலே மதுரையில் ஒரு அரசு இருந்தது. 1736-இல் ராணி மீனாட்சியோடு அந்த அரசு முடிந்தது. வழக்குகள் மட்டும் முடியவில்லை.

நவாபுக்கு அந்த வெற்றிடத்தை நிரப்பும் எண்ணம் இல்லை. அவருக்கு வேண்டியது பணம். பிரெஞ்சுக்காரரோடு நடந்த போரில் கும்பினியிடம் பட்ட கடன் கழுத்தளவுக்கு இருந்தது. வழக்குத் தீர்க்காத, காவலுக்கு வராத ஒரு மேலதிகாரம் வரி மட்டும் கேட்டு வாசலில் வந்து நின்றது. பாளையக்காரர்களின் கோபத்தை வெறும் வரிமறுப்பாகப் படிப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

வடகரை, தலைவன்கோட்டை, சேத்தூர், கொல்லங்கொண்டான், சுரண்டை, ஊத்துமலை என்று மேற்கு மலையடிவாரம் நெடுக பூலித்தேவர் பேசிச் சேர்த்தார். எல்லாரும் எல்லா நேரமும் கூடவே நின்றார்கள் என்று சொல்ல முடியாது. வந்தார்கள், விலகினார்கள், மறுபடி வந்தார்கள். முன்பு நவாபின் எதிரி சந்தாசாகிபின் ஆட்களாக மதுரை, நெல்லையை ஆண்டுவந்த பட்டாணியத் தளபதிகளும் குதிரைகளோடு வந்து சேர்ந்தார்கள். எல்லோரையும்விடப் பெரிய கூட்டாளி மலைக்கு அந்தப்புறம் இருந்தார்: குளச்சலில் 1741-இல் டச்சுக்காரரைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. அவருக்கு இந்தப் பக்கம் ஒரே ஒரு ஆசை, களக்காடு. மலையடிவாரத்தில் தண்ணீர் வற்றாத அந்த நெல் வயல்கள் தங்களுக்கே உரியவை என்பது திருவிதாங்கூரின் நெடுநாள் வழக்கு. ஹெரான் வந்தபோது கைவிட்டுப் போன களக்காட்டை, அவர் திரும்பியதும் பூலித்தேவரின் துணையோடு திருவிதாங்கூர் படை மீட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோட்டையும் கூட்டணியின் கைக்கு வந்தது. 1755 முடிவதற்குள் மாபூஸ்கானின் குத்தகை நிலம் பாதிக்கு மேல் காகிதத்தில்தான் இருந்தது.

கிழக்கே என்ன நடந்தது? கரிசல் காட்டுப் பாளையங்களில் பெரியவை பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும். பூலித்தேவர் அங்கேயும் ஆள் அனுப்பினார். அவர்கள் வரவில்லை. நம் சினிமாக்கள் பழக்கிவிட்ட கண்ணுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1760-இல் பிறந்த வீரபாண்டிய கட்டபொம்மனின் முன்னோர் அன்று நவாப் பக்கம் நின்றார்கள், எட்டயபுரமும் அதே பக்கம். இரு பாளையங்களும் வரிபாக்கிக்கு ஈடாகக் கொடுத்த பிணையாட்கள் கும்பினியின் பிடியில் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. மேற்கே மறவர் பாளையங்கள், கிழக்கே தெலுங்கு வழிவந்த நாயக்கர் பாளையங்கள். இருவருக்கும் நடுவே காவல் ஊர்கள் பற்றிய பழைய கணக்குகள். பூலித்தேவர் ஜெயித்தால் அந்தக் கணக்கு யார் பக்கம் தீரும் என்ற பயம் கிழக்கே நிச்சயம் இருந்திருக்கும். தூரத்து நவாபைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் வெற்றி அதிகம் பயமுறுத்துவது உலக வழக்கம்.

1756 மார்ச் 21. திருநெல்வேலிக்கு வடக்கே சில கல் தொலைவில் இரண்டு படைகளும் மோதின. மாபூஸ்கானோடு கிழக்குப் பாளையங்கள், பூலித்தேவரோடு மேற்குப் பாளையங்களும் பட்டாணியக் குதிரைகளும். கூட்டணி தோற்றது. வெள்ளைக்காரத் துருப்பு ஒன்றுகூட முன்னணியில் நிற்காத சண்டை அது. நம்மவர்களே நம்மவர்களை முறியடித்ததன் லாபம் கும்பினியின் ஏட்டில் ஏறியது.

இங்கே ஒரு பக்கப் பேச்சு. 1985-இல் டாக்காவில் தெற்காசிய நாடுகள் சேர்ந்து சார்க் அமைப்பைத் தொடங்கியபோது, இரண்டு நாடுகளுக்கு இடையிலான சச்சரவுகளை இங்கே பேசக்கூடாது என்று சாசனத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 2014-இல் காத்மாண்டுவில் கூடிய உச்சி மாநாட்டுக்குப் பிறகு அடுத்த மாநாடு நடக்கவில்லை. பேசாமல் ஒதுக்கிவைத்த சச்சரவுதான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பூலித்தேவரின் கூட்டணிக்குச் சாசனம் எதுவும் இல்லை என்றாலும், காவல் ஊர்களின் தகராறைப் பேசித் தீர்க்காமலே பொது எதிரியை மட்டும் காட்டி ஆள் சேர்த்தது என்ற வகையில் கோளாறு ஒன்றுதான்.

கதைக்கு வருவோம். அதே 1756-இல் கும்பினி தன் சிப்பாய்த் தளபதி யூசுப்கானை, நாம் மருதநாயகம் என்று அறிகிறவரை, தெற்கே அனுப்பியது. அவர் வந்ததில் மாபூஸ்கானுக்குத் தன் இடம் போய்விட்டது என்ற ஆத்திரம். 1757-இல் தம்பி நவாபையே எதிர்த்துக்கொண்டு, யாரை அடக்க வந்தாரோ அவரிடமே போய்ச் சேர்ந்தார். நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் விருந்தாளி மாபூஸ்கான்! இந்தச் செய்திகளில் பெரும்பகுதியைக் கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். எதிரியின் ஏட்டில் இருப்பதால் பூலித்தேவரைப் புகழ எழுதியவை என்ற சந்தேகம் வேண்டாம். நவாப் குடும்பத்து மூத்தவரே கூட இருப்பது, வரி யாருக்குச் சேர வேண்டும் என்ற வாதத்தில் கூட்டணிக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தது. அந்த நியாயம் 1760 வரை தாங்கியது. அதன்பின் அண்ணன் தம்பி சமாதானமாகி, விருந்தாளி ஊர் போய்ச் சேர்ந்தார்.

நெல்லைச் சீமையின் தலையெழுத்தில் ஐரோப்பாவும் கை வைத்தது. இங்கிலாந்தும் பிரான்ஸும் ஏழாண்டுப் போரில் இருந்தன. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். யூசுப்கானைக் கும்பினி அவசரமாக வடக்கே கூப்பிட்டுக்கொண்டது. அந்தச் சில மாதங்களில் மேற்குப் பாளையங்கள் இழந்ததையெல்லாம் திரும்பப் பிடித்தன. முற்றுகை 1759 பிப்ரவரியில் விலகியது. யூசுப்கான் திரும்பி வந்தார். இந்த முறை அவர் முதலில் பீரங்கியைத் தேடவில்லை. திருவிதாங்கூருக்கு ஆள் அனுப்பினார்.

அங்கே மார்த்தாண்ட வர்மா காலமாகி, தர்மராஜா என்று பேர்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1758 முதல் அரியணையில் இருந்தார். செங்கோட்டைப் பக்கத்தில் வடகரைப் பாளையத்தோடு அவருக்கு எல்லைத் தொல்லை. யூசுப்கான் சொன்ன பேரம் எளிமையானது: களக்காட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களோடு வாருங்கள். மன்னர் ஒப்புக்கொண்டார். திருவிதாங்கூர் படை செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி யூசுப்கானோடு சேர்ந்தபோது முதல் அடி வடகரைக்கு விழுந்தது. வடகரைப் பாளையக்காரர் நெற்கட்டும்செவலுக்கு ஓடிவந்து அடைக்கலம் புகுந்தார். நான்கு ஆண்டுக்கு முன் ஒரே கூட்டணியில் இருந்த இருவரில் ஒருவர் விரட்ட, மற்றவர் ஓடிவந்தார்.

கூட்டணி தோற்றது களத்தில் என்று பொதுவாக எழுதுகிறார்கள். என் கணக்கில் அது தோற்ற நாள் இதுதான். மேற்கு மலை அதுவரை பாளையங்களுக்கு முதுகுச் சுவராக இருந்தது. களக்காடு கைமாறிய அன்று அந்தச் சுவரில் வாசல் திறந்தது. திருவிதாங்கூரைத் துரோகி என்று திட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. களக்காட்டுக்காகவே உள்ளே வந்தவர், அது வேறு வழியில் கிடைத்ததும் வெளியே போனார். அவரைக் கட்டிப்போட அதைவிடப் பெரிய பொது நன்மை எதையும் கூட்டணி உண்டாக்கி வைக்கவில்லை.

ஆனாலும் வீரத்துக்குக் குறைவில்லை. 1759 டிசம்பரில் வாசுதேவநல்லூர் கோட்டையை இரண்டு படைகளும் சேர்ந்து முற்றுகையிட்டன. உள்ளிருப்பவர்கள் மதிலில் நின்று போராட, பூலித்தேவர் வெளியிலிருந்து திருவிதாங்கூர் பாசறைமேல் பாய்ந்தார். முற்றுகை தோற்றுப் படைகள் விலகின. அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் தாக்குப்பிடித்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும் கும்பினியின் பீரங்கிகளுக்கு வடக்கே வேலை இல்லாமல் போயிற்று. அவை தெற்கே உருண்டன. 1761 மே 16-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என மூன்று கோட்டைகளும் விழுந்தன. பூலித்தேவர் ராமநாதபுரம் சீமையின் கடலாடிக்குப் போனார்.

மற்றவர்கள் பெற்ற லாபத்தையும் எழுதிவிடுகிறேன். கும்பினியோடு பகைத்துக்கொண்ட யூசுப்கானை 1764 அக்டோபர் 15-இல் மதுரையில் தூக்கிலிட்டார்கள். அவர் போனதும் நவாப் களக்காட்டைத் திரும்பக் கேட்டார். 1766-இல் செய்துகொண்ட சமரசத்தில் திருவிதாங்கூர் களக்காட்டு உரிமையை விட்டுக்கொடுத்து, பணமும் கட்டி, செங்கோட்டையோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. கூட்டணியை விற்று வாங்கிய வயல்கள் மன்னரிடம் ஏழு ஆண்டுகள் தங்கின.

யூசுப்கானின் முடிவுக்குப் பிறகு பூலித்தேவர் திரும்பிவந்து கோட்டைகளைச் செப்பனிட்டார். 1767-இல் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கியபோது, குண்டு விழுந்து உடைந்த மதிலை உள்ளிருந்தவர்கள் பனைமரத்தாலும் வைக்கோலாலும் அந்தக் குண்டுமழையிலேயே அடைத்துக்கொண்டிருந்தார்கள். கேம்ப்பெல்லே அதை வியந்து எழுதினார். துணைக்கு வர இம்முறை பக்கத்தில் யாரும் இல்லை. கோட்டை விழுந்தது. பிடிபட்ட பூலித்தேவர் போகும் வழியில் சங்கரன்கோவிலில் கோமதி அம்மனைக் கும்பிட அனுமதி கேட்டு உள்ளே போனார், அங்கேயே சோதியில் மறைந்துவிட்டார் என்று ஊர் சொல்கிறது. கோவிலில் பூலித்தேவர் அறை என்று இன்றும் ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள்.

1756-இல் மேற்கோடு சேராமல் நின்ற பாஞ்சாலங்குறிச்சியின் வாசலுக்கு 1783 ஆகஸ்டில் கர்னல் ஃபுல்லர்ட்டனின் பீரங்கிகள் வந்தன. கோட்டைக்குள் அவர் கையில் சிக்கிய டச்சுக் கடிதங்களைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)