கிளாஸ்கோ (சுற்றுலா)

ஸ்காட்லாந்தின் மிகப்பெரிய நகரம். கிளைடு ஆற்றின் இரு கரைகளிலும் பரந்துள்ளது. தலைநகர் எடின்பரோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். எடின்பரோவோடு திரும்பிவிடும் பயணிகள் நல்லதொரு நகரைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது 1901-இல் திறக்கப்பட்ட கெல்விங்குரோவ் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு கூடத்தில் பாடம் செய்யப்பட்ட யானை நிற்கிறது. மேலே உத்தரத்திலிருந்து இரண்டாம் உலகப்போர்க் கால ஸ்பிட்ஃபயர் விமானம் தொங்குகிறது. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவை மேலிருந்து பார்ப்பதுபோல் சால்வடோர் டாலி வரைந்த ஓவியமும் இதன் சொத்து. 1952-இல் அதை வாங்கியபோது, பணம் வீண் என்று கலைக்கல்லூரி மாணவர்களே மனுக் கொடுத்தனர்.

1896-இல் தொடங்கிய சுரங்க ரயிலுக்கு ஒரே வட்டப்பாதை, 15 நிலையங்கள். திசை மாறி ஏறினாலும் சுற்றிக்கொண்டு போய்ச் சேரலாம்.

நவீனக் கலைக்கூடம் இயங்கும் கட்டடம், அடிமைகளின் உழைப்பில் கொழித்த புகையிலை வணிகர் ஒருவருக்காக 1778-இல் எழுந்த மாளிகை. வாசலிலுள்ள வெலிங்டன் பிரபு சிலையின் தலையில் போக்குவரத்துக் கூம்பைக் கவிழ்ப்பது ஊராரின் பழைய குறும்பு. அதைத் தடுக்கப் பீடத்தை உயர்த்த 2013-இல் மாநகராட்சி போட்ட திட்டம், மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது.

கட்டடக்கலைஞர் சார்லஸ் ரெனி மெக்கின்டாஷ் வடிவமைத்த கலைக்கல்லூரி 2014, 2018 தீ விபத்துகளில் சிதைந்தது. அவருடைய கைவண்ணத்தைக் காண விரும்புவோர், சாக்கிஹால் தெருவில் 1903-இல் திறக்கப்பட்ட தேநீர் விடுதிக்குச் செல்லலாம்.