அருவியிலிருந்து நம் சம்ப் வரை



"குற்றாலத் தண்ணி உடம்புக்கு நல்லது" என்று சொல்லாத வீடு தென்காசியில் இருக்காது. வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் முதலில் அருவிக்குத்தான் கூட்டிப் போகிறோம். இந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மலையில் நல்ல தண்ணீர் இருப்பதால் குழாயிலும் நல்ல தண்ணீர்தான் வரும் என்று நினைத்துவிடுகிறோம். நடுவே உள்ள பாதையை நாம் பார்ப்பதில்லை.

கடந்த 200 ஆண்டுகளில் நம் வட்டாரம் கண்ட மூன்று நோய்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தப் பாதை நன்றாகவே தெரியும். அதன் கடைசிப் பகுதி நம் அபார்ட்மெண்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் இந்த இதழில் இந்தப் பழைய கதை.

மலைத் தண்ணீருக்கு ஏன் அந்தப் பெயர்?

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டும்போது, ஆரியங்காவு கணவாய் வழியாகக் கொஞ்சம் ஈரக்காற்று நம் பக்கம் நுழைகிறது. அதுதான் நம் சாரல். குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 அடி உயரத்தில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் அங்கே அந்தக் குளிர்ச்சி கிடைப்பதற்கு இந்தக் கணவாய்தான் காரணம். ஆங்கிலேயர் காலத்தில் திருநெல்வேலிச் சீமை அதிகாரிகள் சீசனுக்குக் குற்றாலத்தில் வந்து தங்கியதும் இந்தக் காற்றுக்காகத்தான்.

மலை மேல் பெய்யும் மழை காட்டு மண்ணில் ஊறி, வேர்களுக்கு இடையே கசிந்து, கடினப் பாறை மேல் ஓடி வருகிறது. அந்தப் பாறையில் எளிதில் கரையும் உப்பு அதிகம் இல்லை. ஓடி வரும் தூரமும் குறைவு. அதனால் தண்ணீரில் உப்பு குறைவு, ருசி அதிகம். அதே தண்ணீர் சமவெளி நிலத்துக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கினால் உப்பைக் கரைத்துக்கொள்கிறது. போர் போட்ட வீடுகளில் பாத்திரத்தில் வெள்ளை படிவது அதனால்தான்.

18ஆம் நூற்றாண்டில் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர், நம் பக்கத்து ஊரான மேலகரத்துக்காரர். குற்றாலத்தின் புகழ் அன்றே பாட்டில் ஏறிவிட்டது. ஆனால் அந்தப் புகழ் ஊரை நோயிலிருந்து காப்பாற்றிவிடவில்லை.

முதல் நோய்: காற்றைக் குற்றம் சொன்ன காலம்

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் ஒரு கடுமையான காய்ச்சல் பரவியது. மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். சென்னை அரசாங்கம் மருத்துவர்களைக் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. ஐன்ஸ்லி என்ற மருத்துவர் அதற்குத் தலைவர். குழுவின் அறிக்கை 1816இல் லண்டனில் புத்தகமாகவே வந்தது.

விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நடுக்கம் என்று அதில் சொல்லப்படும் அறிகுறிகளை இன்று படித்தால் மலேரியாதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மருத்துவர்களுக்குக் கிருமியைத் தெரியாது, கொசுவின் பங்கும் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகும் இலைதழைகளிலிருந்தும் எழும் கெட்ட ஆவியைச் சுவாசிப்பதால் காய்ச்சல் வருகிறது என்பதே அந்தக் கால மருத்துவம். மலேரியா என்ற பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீருக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டுகொண்டார்கள். நடுவில் இருந்த கொசுவைத்தான் தவறவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க 1897 ஆகஸ்ட்டில் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது நோய்: தண்ணீர் மேல் விழுந்த சந்தேகம்

அந்தக் காய்ச்சல் ஓய்ந்து பத்தாண்டு ஆவதற்குள் வாந்திபேதி வந்தது. 1817இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா 1818, 1819 ஆண்டுகளில் தெற்கு முழுவதும் பரவி இலங்கை வரை போனது. அதன் பிறகு 100 ஆண்டுகளுக்கு மேல் திருவிழாக் கூட்டம், சந்தை, பஞ்சம் என்று வரும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் இறந்துபோகும் நோய் அது.

1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். பெரும்பாலானவர்கள் பிராட் தெருவில் இருந்த ஒரே அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். குளிப்பது, துணி துவைப்பது, குடிப்பது எல்லாமே அந்த ஒரு குளத்தில்தான்.

நம் பெரியவர்கள் கிருமியைப் பார்த்ததில்லை. ஆனாலும் குடிக்க ஊருணி, குளிக்க வேறு குளம் என்று பல ஊர்களில் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில் பேதி எளிதாகப் பரவியது. தண்ணீர் தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு என்பது காலரா கற்றுக்கொடுத்த பாடம்.

இன்றைய குற்றாலத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். சீசனில் ஆயிரக்கணக்கானவர்கள் அருவியில் குளிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அதற்கும் கீழே வல்லநாட்டில் தூத்துக்குடிக்காரர்களுக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கத் தடை விதித்ததன் நியாயம் இதில் இருக்கிறது. அருவிக்கரையில் கீழே போடும் ஷாம்பு பாக்கெட் இன்னொருவர் வீட்டுக் குழாய் இருக்கும் திசையில்தான் போகிறது.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. புனலூர் போய் ஓட்டலில் உட்கார்ந்தால் சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் வரும். நமக்கு இது அந்நியமும் இல்லை, 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது. பதிமுகம் நிறத்தைக் கொடுக்கிறது, கிருமியைக் கொல்வது கொதிநிலைதான். கொதித்த தண்ணீரை ஆற்றுவதற்குப் பச்சைத் தண்ணீரைக் கலந்தால் பட்ட பாடு வீண்.

குழாய் வந்த பிறகு

1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் இந்த வகைச் சட்டங்களில் அதுவே முதல். இன்றும் நடைமுறையில் இருக்கிறது. குடிதண்ணீரைப் பாதுகாப்பதும், கொசு வளரும்படி தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது என்பதும் அதில் உண்டு. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வந்தது. தாமிரபரணியிலிருந்து கூட்டுக்குடிநீர்த் திட்டங்கள் வந்தன. தண்ணீரில் குளோரின் கலப்பது வழக்கமாயிற்று. காலரா என்ற சொல் நம் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகச் சொல்லாகிவிட்டது. இது சின்ன வெற்றி இல்லை.

ஆனால் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. வரும்போது பிடித்து வைக்க வேண்டும். வீட்டுக்கு வீடு டிரம், சிமெண்ட் தொட்டி, சம்ப், மொட்டை மாடியில் டேங்க் என்று வந்தன. ஊருக்கு வெளியே குளத்தில் நின்ற தண்ணீர் வீட்டுக்குள் வந்து நின்றது.

மூன்றாவது நோய்: நம் கண் முன்னால்

2012ஆம் ஆண்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் கடையநல்லூரில் டெங்கு பரவியது. அப்போது நாம் எல்லோரும் திருநெல்வேலி மாவட்டம். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள். நம் வட்டாரம்தான் அதிகம் அடிபட்ட பகுதிகளில் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் நிலவேம்புக் குடிநீர் வழங்கத் தொடங்கியதும் அப்போதுதான். சித்த மருத்துவத்தில் குடிநீர் என்றால் கஷாயம் என்று பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். நிலவேம்புக் குடிநீரில் மொத்தம் ஒன்பது சரக்குகள் உண்டு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் சேர்த்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். பகலில் கடிக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்த நிலையிலேயே காத்திருக்கும். மறுபடியும் தண்ணீர் பட்டால் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும்.

1811இல் குழுவினர் சதுப்பு நிலத்தில் தேடினார்கள். 2012இல் சுகாதாரப் பணியாளர்கள் டார்ச் லைட்டோடு வீடு வீடாக டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்கள். நோய் வளர்ந்த இடம் நம் வாசலுக்கு உள்ளே இருந்தது.

இனி நம் பங்கு

தனி வீட்டில் ஒருவர் டிரம்மை மூடாமல் விட்டால் அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும்தான் கஷ்டம். அபார்ட்மெண்டில் சம்ப் ஒன்று, மொட்டை மாடி டேங்கும் பொது. அதில் பிழை நேர்ந்தால் எல்லா வீட்டுக் குழந்தைகளும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை:

சம்ப்பையும் டேங்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவுவது. தண்ணீரை இறைத்துவிட்டால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்க்க வேண்டும். மூடி சரியாகப் பொருந்த வேண்டும், டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் வலை கட்ட வேண்டும்.

குளோரின் பார்ப்பது. குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. சம்ப்பில் நாள்கணக்கில் நின்றால் அது பறந்துவிடும். மழைக்காலத்தில் கலங்கல் தண்ணீர் வந்தால் குளோரின் வேகமாகச் செலவாகிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஆர்ஓ வாங்கும் முன் தண்ணீரைச் சோதிப்பது. கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது விதி. அதற்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்ஓ வேண்டாம் என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. அந்த இயந்திரம் நிறையத் தண்ணீரை வீணாக வெளியேற்றும். ஆற்றுத் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தேவை ஒன்றல்ல. குடிநீர் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

வாரம் ஒரு நாள் உங்கள் வீட்டுக்குள் ஒரு சுற்று வருவது. ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டித் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், கேன் வைத்த ஸ்டாண்ட், ஊருக்குப் போகும்போது நிரப்பி வைத்த வாளி, எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்து வையுங்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை செய்தால் முட்டை கொசுவாக நேரம் கிடைக்காது. அதையும் மீறிக் காய்ச்சல் வந்தால் கஷாயத்தோடு நிறுத்திவிடாமல் டாக்டரைப் பாருங்கள்.

குற்றால மலைக்காட்டைக் காப்பதற்கு வனத்துறை இருக்கிறது. குழாயில் குளோரின் கலப்பதற்கு உள்ளாட்சி இருக்கிறது. சம்ப் மூடியிலிருந்து உங்கள் டம்ளர் வரை உள்ள தூரத்துக்கு நம்மைத் தவிர யாரும் இல்லை. ஆகவே டேங்க் கழுவும் நாளில் அரை நாள் தண்ணீர் நிற்கும் என்று அறிவிப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுக்கு ஒருவர் மாடிக்கு வந்து, கழுவுவதை நேரில் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.