தோட்டத்துக் கழிப்பிடமும் நடமாடும் கழிப்பறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோயில்களையும் பள்ளிகளையும் சங்கங்களையும் விரிவாகப் பேசுவர். அம்மக்கள் எங்கே ஒதுங்கினர் என்பதைப் பேச மட்டும் கூசுவர். ஆயினும் மலாக்கா மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் உடல்நலத்தையும் மானத்தையும் ஒருங்கே தொட்டு நின்ற பொருள் அதுவே. இன்று கட்டுமானக் களங்களிலும் திருவிழாத் திடல்களிலும் நெகிழிக் கூண்டுகளாய் வந்து நிற்கும் நடமாடும் கழிப்பறையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்னும் வினாவுக்கும், அந்தப் பழைய வரலாற்றிலேயே விடை கிடைக்கிறது.

சொல் காட்டும் வழி

தமிழிலக்கணம் இத்தகைய பேச்சுக்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டது. ‘கால் கழுவி வந்தேன்’ என்பதை மாணவர் அனைவரும் அறிவர். கொல்லைக்குப் போதல், வெளிக்குப் போதல் என்னும் வழக்குகள் நாணத்தை மறைப்பதோடு இடத்தையும் சுட்டுகின்றன. கொல்லையும் வெளியுமே நாட்டுப்புறத்தானின் கழிப்பிடமாக இருந்தன.

‘கக்கூசு’ என்னும் சொல்லோ டச்சு மொழியிலிருந்து வந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் இலங்கைக் கரையிலும் கோட்டை கட்டி ஆண்ட டச்சுக்காரரே 1641இல் மலாக்காவையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். மலாய் மொழியிலும் ‘காக்குஸ்’ என அதே சொல் வழங்குகிறது. பின்னாளில் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளியும் இம்மண்ணின் மலாய்க்காரரும் இப்பொருளுக்கு ஒரே மூலத்திலிருந்து சொல் பெற்றிருந்தனர் என்பது நினைந்து மகிழத்தக்கது.

பால்மரக் காடும் கொக்கிப்புழுவும்

மலாயாவில் இரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் நட்ட பெருமை மலாக்காவைச் சார்ந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லியின் தூண்டுதலால், 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் நட்டார். அதனைத் தொடர்ந்து புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கரில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பரவின. கங்காணிமார் வாயிலாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து லயங்களில் குடியேறினர்.

இம்மக்களை வாட்டிய நோய்களுள் மலேரியாவை அனைவரும் அறிவர். கொக்கிப்புழு நோயை அறிந்தோர் சிலரே. நோயுற்றவரின் மலத்தோடு வெளிப்படும் இப்புழுவின் முட்டைகள் நிழலும் ஈரமும் வெம்மையும் உள்ள மண்ணில் பொரிக்கின்றன. சில நாள்களில் அப்புழுக்குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும் ஆற்றலைப் பெறுகின்றன. இவ்வுண்மையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் ஆய்வு செய்த லூஸ் என்னும் அறிஞர் கண்டறிந்தார். உட்புகுந்த புழு குடலில் கொக்கிபோல் பற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சும். நாளடைவில் முகம் வெளிறும், கால் வீங்கும், மூச்சு வாங்கும். சோம்பேறி என்று கங்காணியிடம் ஏச்சு வாங்கியவர்களுள் எத்தனை பேர் உண்மையில் குருதி குன்றிய நோயாளிகளோ!

1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் அனைத்துலக நலவாழ்வுக் கழகம் அனுப்பிய டார்லிங், பார்பர், ஹேக்கர் ஆகிய மருத்துவ ஆய்வாளர்கள் மலாயா, சாவகம், பிஜித் தீவு ஆகிய இடங்களில் இந்நோயை ஆராய்ந்தனர். அவர்களது அறிக்கை 1920இல் வெளிவந்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றலாம். ஆனால் மண் தூய்மையாகாவிடின் அதே தொழிலாளி மீண்டும் நோயைப் பெறுவான். ஆகவே மருந்தோடு கழிப்பிடமும் தேவை என்னும் உண்மை அக்காலத்திலேயே நிலைநாட்டப்பட்டது.

லயத்தில் ஒன்று, காட்டில் ஒன்றுமில்லை

அந்நாளில் கழிப்பிட வகைகள் பல இருந்தன. இங்கிலாந்தில் ஹென்றி மௌல் என்னும் பாதிரியார் 1860இல் உரிமம் பெற்ற உலர்மண் கழிப்பிடம் ஒன்று; ஒவ்வொரு முறையும் மலத்தை உலர்ந்த மண்ணால் மூடுவது அதன் முறை. நகரங்களில் வாளிக் கழிப்பிடம் வழங்கியது. அதை நாள்தோறும் ஒருவர் சுமந்து அப்புறப்படுத்த வேண்டும். நெடுங்குழி வெட்டி மேலே பலகை இடுவது மற்றொன்று. ஏறத்தாழ ஒன்றரை அடி அகலத்தில், பதினைந்து முதல் இருபத்தைந்து அடி ஆழம்வரை துளைக்கருவியால் தோண்டும் துளைக்குழிக் கழிப்பிடம், கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கங்களால் ஆசிய நாடுகளில் பரவியது. நிலத்தடி நீர் மேலாக உள்ள இடத்தில் இது கிணற்றைக் கெடுத்துவிடும். எனவே எல்லா மண்ணுக்கும் ஒரே கழிப்பிடம் பொருந்தாது.

ஆனால் இவ்வகைகள் யாவும் ஒரு குறையில் ஒன்றுபட்டன. அவை நிலையாக ஓரிடத்தில் நின்றன, தொழிலாளியோ நடந்துகொண்டிருந்தான். பால் குளிர்ந்த வேளையில்தான் நன்கு வடியும். ஆதலால் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, அங்கிருந்து தனக்குரிய நிரைக்குச் சென்று, மரந்தோறும் மங்கு துடைத்துப் பால் வெட்டி, பின்னர்ப் பால் எடுத்து ஸ்டோரில் சேர்க்கும்வரை அவன் காட்டிலேயே இருந்தான். லயத்தின் அருகில் எத்தகைய நல்ல கழிப்பிடம் இருந்தாலும் வெட்டுக்காட்டில் இருந்தவனுக்கு அதனால் பயன் என்ன? அவன் மரத்தின் மறைவில் ஒதுங்கினான். புழு விரும்பும் நிழலும் ஈரமும் அங்கேதான் இருந்தன. மறுநாள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தான். பெண்களின் நிலை இன்னும் கடுமையானது. மறைவிடத்திற்கு அஞ்சி அடக்கிக்கொள்வதும், அதற்காகவே தண்ணீர் குடியாதிருப்பதும் உடலுக்குத் தீங்கு.

நாடு விடுதலை பெற்றபின் 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும், 1990இல் அதனை விரிவாக்கிய சட்டமும் வந்தன. 2020ஆம் ஆண்டு விதிகள் ஆறு தொழிலாளருக்கு ஒரு கழிப்பறை என்றும், பொதுக்கூடத் தங்குமிடமாயின் பதினைவருக்கு ஒன்று என்றும் வரையறுக்கின்றன. இவை போற்றத்தக்கவை. எனினும் இவை குடியிருப்பைப் பற்றியவை. நிரையைப் பற்றியவை அல்ல.

கூட்டம் கூடும் இடங்கள்

வேலைத்தலத்தைப் போன்றதே திருவிழாத் திடலும். 1901இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டில் கழிப்பிடங்கள் அருவருக்கத்தக்கனவாய் இருக்கக் கண்ட காந்தியடிகள், துடைப்பம் எடுத்துத் தாமே ஒன்றைத் தூய்மை செய்தார். 1915இல் அரித்துவாரக் கும்பமேளாவில் அவருடைய பீனிக்ஸ் குழுவினர், வயல்களில் தோண்டப்பட்டிருந்த குழிகளில் மலத்தை மண்ணிட்டு மூடும் பணியை விரும்பி ஏற்றனர்.

நம் மலாக்காவிலும் மாசி மகத்தன்று நகரிலுள்ள பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குத் தேர் செல்கிறது. பல்லாயிரவர் கூடும் அத்தகைய விழாவுக்கு, ஓராண்டுக்குத் தேவையான கழிப்பறைகளைக் கட்டிவைப்பதால் தீர்வு ஏற்படாது. ஓரிரு நாளைய கூட்டத்துக்குக் கழிப்பறையே வந்து போக வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் தொழிலாளர் கழிப்பறைக்கு நெடுந்தொலைவு நடக்க நேர்ந்ததால், தொட்டி பொருத்திய மரக்கூண்டுகளைக் கப்பலருகே வைத்தனர் என்பர். பின்னர்க் கண்ணாடியிழையாலும் பாலிஎத்திலீன் நெகிழியாலும் கூண்டுகள் அமைந்தன. இருக்கையின் கீழ் ஏறத்தாழ 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டி. அதில் நாற்றத்தை அடக்கும் நீலநிற மருந்து நீர். நிறைந்ததும் உறிஞ்சும் வண்டி வந்து எடுத்துச் செல்லும்.

அமெரிக்க நியமம் ஒன்றின்படி, வாரத்தில் 40 மணி நேரம் உழைக்கும் பத்துப் பேருக்கு ஒரு கூண்டு போதும். வாரந்தோறும் அதை வெறுமையாக்க வேண்டும். மணி கூடினாலும் ஆள் கூடினாலும் கூண்டும் கூட வேண்டும். விழாவாயின் உணவும் பானமும் வழங்குவதையும், மக்கள் தங்கும் நேரத்தையும் கணக்கிட வேண்டும். பெண்களுக்குத் தனியிடமும் உட்தாழ்ப்பாளும் விளக்கும் வேண்டும். காகிதத்தோடு நின்றுவிடும் மேனாட்டுக் கூண்டு நம்மவர்க்கு ஒவ்வாது. கழுவ நீர்க்குழாயும், வெளியே கைகழுவத் தொட்டியும் இன்றியமையாதவை. முதியோர்க்குப் படியில்லாத அகன்ற கூண்டு ஒன்றேனும் வேண்டும். கூண்டு சமநிலத்தில், ஓடைக்கும் சமையற் கூடத்துக்கும் விலகி, உறிஞ்சும் வண்டி வரத்தக்க வழியருகே நிற்க வேண்டும்.

இவையனைத்தினும் முதன்மையானது ஒன்றுண்டு. எடுத்த கழிவு எங்கே போகிறது, அதை எடுப்பவர் கையுறையோடு மதிப்பாக நடத்தப்படுகிறாரா என்று கேட்பதே அது. வாளி சுமந்தவரின் துன்பத்தை அறிந்த சமுதாயம் இக்கேள்வியை மறத்தலாகாது.

நிறைவாக

மலாக்காத் தோட்டங்கள் பலவற்றில் இன்று பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. நம்மவர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அக்காடுகளிலும் கட்டுமானக் களங்களிலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் வியர்வை சிந்துகின்றனர். நம் பாட்டன்மார் மரத்தின் மறைவில் ஒதுங்கிய துன்பம் அவர்களைத் தொடராதிருக்க வேண்டும்.

லயத்தில் கட்டப்பட்ட கழிப்பிடம் வெட்டுக்காட்டிலிருந்த தொழிலாளிக்கு உதவவில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம். மனிதன் உழைக்கும் இடத்துக்கும் கூடும் இடத்துக்கும் கழிப்பறை வந்து சேர வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் திட்டமிடும் ஆசிரியர்களும் நாளைய பொறியாளர்களாகும் மாணவர்களும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்பே இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.